இரண்டாம் எண் கண்ணாடி

பத்தே முக்கால் ஆகியிருந்தது. தொல்லியல் துறை ஹசீனா மேடம் பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். சொன்னால் சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவார், அது ஒன்றுதான் அவரிடம் உள்ள கெட்ட பழக்கம். குவாரியில் வெடி பன்னிரண்டுக்கு. பதினொன்றே முக்காலுக்கே முதல் சங்கு ஊதி, சிவப்புக் கொடி கட்டி, ரோட்டை மறித்துவிடுவார்கள். அதற்குள் அவர் கண்ணாடிகளைப் பார்த்து, எழுதி, கையெழுத்துப் போட்டு, ஜீப்பில் ஏறிப் போய்விட்டால் அடைக்கலத்துக்கு மத்தியானச் சோறு தொண்டையில் இறங்கும். போய்விடுவார். போன தடவை அரை மணி நேரம்கூட இருக்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தார், படம் எடுத்தார், எழுதினார், அடைக்கலத்தின் பெண்டாட்டி வள்ளிக்கண்ணு கொடுத்த மோரை வாங்கிக் குடித்தார், போனார். மோருக்கு மட்டும் ஏழு நிமிஷம். அவள் மோர் கொடுத்தால் சும்மா கொடுக்க மாட்டாள், கூடவே பேச்சும் கொடுப்பாள். இன்றைக்கு மோர் வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிடலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள், விளக்குத் தேய்க்க வந்திருக்கிற இத்தனை பெண்கள் முன்னால் கேட்பாள், அவன் வாயைத் திறந்து பதில் சொல்வதற்குள் முகமே சொல்லிவிடும். இருபத்தேழு வருஷமாக அந்த முகத்தைப் படித்துப் பழகியவள். குருவிமலைக் குடைவரைக் கோயிலுக்கு அவன் காவலாள், பதினோரு வருஷமாகத் தற்காலிகம். அந்தத் தற்காலிகத்துக்குள் அவனுக்கு முன்பல் இரண்டு விழுந்து, மகளைக் கட்டிக்கொடுத்து, பேரனும் பிறந்து நடக்க ஆரம்பித்துவிட்டான். நிரந்தரம் ஆக்கும் பைல் மேலே போயிருக்கிறது என்றார்கள். மேலே என்றால் எவ்வளவு மேலே என்று யாரும் சொல்லவில்லை. இந்த நேரம் பார்த்து அவன் பெயரில் ஒரு சின்னக் கறை விழுந்தாலும் அந்தப் பைல் திரும்பிக் கீழே வந்துவிடும், இல்லை வராமலே போய்விடும்.

அவன் மேலே பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே மேலே பார்த்தான். எருமை படுத்த மாதிரி ஒரு பாறை, அதன் வயிற்றைக் குடைந்து கோயில். ஆயிரத்து முந்நூறு வருஷம் என்று பலகையில் போட்டிருக்கிறது. வெளியிலிருந்து ஒரு கல்லும் கொண்டுவரவில்லை, வேண்டாததை வெட்டி எடுத்துவிட்டு வேண்டியதை விட்டுவைத்தார்கள். உள்ளே லிங்கம், வெளியே மண்டபத்துத் தரை, நான்கு தூண், வாசலில் இரண்டு துவாரபாலகர், தலைக்கு மேல் கூரை, எல்லாம் ஒரே கல். வலப்பக்கத்தான் கதாயுதத்தில் சாய்ந்து ஒரு காலை மடக்கி, வருகிறவனை எல்லாம் எடை போடுகிற சிரிப்பு ஒன்று சிரிப்பான். இடப்பக்கத்தான் பாதியில் நின்றுபோனவன். முகம் உண்டு, மார்பு உண்டு, ஒரு கை உண்டு, இடுப்புக்குக் கீழே வெறும் பாறையும் உளி கொத்திய வரிசைகளும்தான். விரிசல் கூரையில் இரண்டாம் தூணுக்கு மேலே தொடங்கி வலப்பக்கத்தான் மகுடம் வரை ஓடியது. தலைமுடி அகலம். போன ஆனியில் ஹசீனா மேடம் வந்து அதன் குறுக்கே நான்கு கண்ணாடித் துண்டுகளை ஒட்டினார். விரல் அகலம், சாண் நீளம், இரண்டு முனையிலும் பிளாஸ்டர். பாறை நகர்ந்தால் கண்ணாடி தாங்காது, உடைந்துவிடும். உடையாத வரை பாறை அசையவில்லை. பிளாஸ்டர் காய்வதற்குள் ஆணியால் தேதி கீறினார், 18.6 என்று. எட்டைப் போடும்போது ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வட்டம் போடுவார். அடைக்கலம் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான். அந்த எட்டை அவன் அன்றைக்கே பார்த்து வைத்தது எதற்கு என்று இப்போது அவனுக்கே விளங்கவில்லை. மேலே இரண்டாம் எண் கண்ணாடி முழுசாக, நல்ல பிள்ளையாக இருந்தது. அதிலும் 18.6. அதிலும் இரண்டு வட்டம். ஆனால் அந்த எட்டு ஹசீனா மேடம் போட்டதில்லை. அதற்கு நேர் கீழே, வலப்பக்கத்தான் காலில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, வள்ளிக்கண்ணு சிவராத்திரிக்குக் குத்துவிளக்குத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஊர்ப் பெண்கள் இன்னும் ஐந்து பேர் சுற்றிலும் உட்கார்ந்து புளியும் சாம்பலுமாகத் தேய்த்தார்கள். குளிர்ச்சியான இடம். யாரானாலும் அங்கேதான் உட்காருவார்கள்.

தவறு புரட்டாசியில் நடந்தது. தவறு என்று கூடச் சொல்ல முடியாது, குளவி. மகுடத்துக்கு மேலே குளவி கூடு கட்டியிருந்தது, அவன் ஒட்டடைக்கோலால் தட்டினான், குளவி கிளம்பி வந்தது, கோலைப் போட்டுவிட்டு ஓடினான். பிறகு திரும்பி வந்து பார்த்தபோது இரண்டாம் எண் கண்ணாடியின் நடுவில் ஒரு கோடு. கோல் பட்டிருக்க வேண்டும். பட்டதாகக் கைக்குத் தெரியவில்லை, ஆனால் குளவி துரத்தும்போது கைக்கு என்ன தெரியும். கண்ணாடியை யாராவது தொட்டால் அன்றைக்கே வேலை போய்விடும் என்று மேடத்தோடு வந்த மேஸ்திரி சொல்லிவிட்டுப் போயிருந்தார். சும்மா மிரட்டலாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அன்று சாயங்காலமே பொன்னமராவதிக்குப் போய்ப் படச்சட்டம் போடுகிற கடையில் அதே அகலத்துக்குக் கண்ணாடி வெட்டி வாங்கினான். எதற்கு என்று கடைக்காரர் கேட்டதற்குச் சாமி படத்துக்கு என்றான். விரல் அகலத்தில் என்ன சாமி என்று அவர் கேட்கவில்லை, நல்ல மனுஷர். மறுநாள் விடியற்காலையில் ஏணி போட்டு, பழையதைக் கத்தியால் பெயர்த்து, புதியதை ஒட்டி, பிளாஸ்டரில் ஆணியால் தேதி கீறினான். எட்டைப் போடும்போது அவசரத்தில் மேல் வட்டம் கொஞ்சம் சப்பையாகிவிட்டது. கண்ணாடிகளைப் பற்றி வாரா வாரம் எழுத மேடம் கொடுத்திருந்த நோட்டில் எழுதினான், இரண்டாம் எண், மாற்றம் இல்லை. எழுதியபோது அது பொய்யாகவே தோன்றவில்லை, ஏனென்றால் மாறியது பாறை இல்லையே, அவன் கைதானே. பழைய துண்டுகளைத் தூர எறியவும் தைரியம் வரவில்லை. மஞ்சள் துணியில் சுற்றி, இடப்பக்கத்தானுக்குப் பின்னால் பாறையில் இருந்த பொந்தில் வைத்தான். கார்த்திகையில் மறுபடி உடைந்தது. தீபத்துக்குப் பிறகு கூரையில் படிந்த கரியைத் துடைத்திருந்தான், ஆகவே அதுவும் கைதான், மாற்றி ஒட்டியபோது எட்டும் அதே சப்பைதான். மறுபடி பொங்கல் முடிந்து, காணும் பொங்கல் கூட்டமெல்லாம் போன மறுநாள். அன்றைக்கும் ஒட்டடைக்கோல். ஒட்டடைக்கோலைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றது நன்றாக ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருக்கிறதா? நின்றது ஞாபகம் இருந்தது, கோல் ஞாபகம் இருந்தது, ஆனால் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் வழுக்கிக்கொண்டு போயிற்று. விடு. கைதான். அவசரக் கை, கவனமில்லாத கை, அவன் அப்பாவும் அதைத்தான் சொல்வார், உன் கையில் கொடுத்த பொருள் உருப்படாது என்று. இனிமேல் ஒட்டடையே அடிப்பதில்லை என்று தீர்மானம் பண்ணி, மாசி பிறந்ததிலிருந்து அந்தப் பக்கமே கோலை நீட்டவில்லை.

ஜீப் சத்தம் கேட்டது. பதினொன்று. ஹசீனா மேடம் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, டார்ச்சும் பையுமாக வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. கல்லைப் பார்க்கிற பார்வையில் மட்டும் வயது தெரியும். பின்னாலேயே சேது குருக்கள் கர்ப்பகிரகத்திலிருந்து ஈரக் கையோடு வந்துவிட்டார், அவருக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. “சிவராத்திரிக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கும்மா. போன வருஷம் முந்நூறு பேர் விடிய விடிய இந்த மண்டபத்துலதான் உட்கார்ந்திருந்தா. உள்ள விடலாம்னு ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தேள்னா நான் பத்திரிகை அடிச்சுடுவேன்” என்றார். “பாத்துட்டு எழுதுறேன் சாமி, அதுக்குத்தானே வந்திருக்கேன்” என்று சிரித்தார் மேடம். அடைக்கலம் ஏணியைக் கொண்டுவந்து சாய்த்தான். அவர் ஏறினார். ஒன்று, டார்ச், படம். இரண்டு. டார்ச் வெளிச்சம் இரண்டில் நின்றது. நின்றது. அவர் முகத்தை இன்னும் கிட்டத்தில் கொண்டுபோனார். ஏணியின் இரண்டு காலையும் பிடித்திருந்த அவன் உள்ளங்கையில் வேர்வை ஊறி மூங்கில் வழுக்கியது. சப்பையான வட்டத்தைப் பார்க்கிறார். இல்லை, பிளாஸ்டர் வெள்ளையாக இருக்கிறதைப் பார்க்கிறார், மற்ற மூன்றும் புகை ஏறிப் பழுப்பாகிவிட்டன, இது மட்டும் நேற்று வைத்த மாதிரி இருக்கிறது, தேத்தண்ணியாவது பூசியிருக்கலாம், மடையன், அதைச் செய்யாமல் விட்டுவிட்டான். “இந்த ஒண்ணு மட்டும் பளிச்சுன்னு இருக்கேண்ணே” என்றார் மேடம் மேலிருந்து. “அதுல புகை படுறதில்ல மேடம், காத்து அடிக்கிற எடம்” என்று அவன் வாய் சொன்னது. எவ்வளவு சுளுவாகச் சொன்னது. மேடம் உம் என்றார், படம் எடுத்தார், மூன்று, நான்கு, இறங்கினார். நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகத் தள்ளினார். வாரம் தவறாமல் அவன் எழுத்து, மாற்றம் இல்லை, மாற்றம் இல்லை. “எத்தனையோ எடத்துல பாக்குறேன். ஒருத்தரும் இப்படி ஒழுங்கா எழுதுறதில்ல. உங்களுக்கு நிரந்தரம் வரணும்ணே, நானும் சொல்லி வைக்கிறேன்” என்றார். அடைக்கலத்துக்கு அந்தச் சொல் கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பதினொன்று இருபது. போகலாம், இப்போதே போகலாம். ஆனால் வள்ளிக்கண்ணு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். “மேடம், மோரு இருக்கு, வெயில்ல வந்திருக்கீக” என்றாள். அப்புறம் எல்லாம் அவன் பயந்தபடியே நடந்தது. மோர் வந்தது, மோருக்குள் கறிவேப்பிலை வந்தது, மேடத்தின் அம்மாவுக்கு மூட்டுவலி எப்படியிருக்கிறது என்பது வந்தது, அதற்கு என்ன எண்ணெய் என்பதும் வந்தது. குருக்கள் அண்ணாந்து பார்த்து, “அடைக்கலம், மகுடத்துக்கு மேல ஒட்டடை ஒரு முழத்துக்குத் தொங்கறது, சிவராத்திரியும் அதுவுமா. கோல் எங்க போச்சு?” என்று கேட்டார். அவன் பதில் சொல்வதற்குள் வள்ளிக்கண்ணு சொன்னாள். “கோலு கெடக்கு சாமி, நாருதான் இல்ல. போகிக்கு வீடு ஒட்டடை அடிக்க நான் எடுத்துட்டுப் போனேன்ல, அதுலயே நாரெல்லாம் உதிர்ந்துபோச்சு. பூசம் கழிச்சுத்தானே திருப்பிக் கொண்டாந்து போட்டேன். இவுகளுக்கு அது இல்லாததுகூடத் தெரியல.” பெண்கள் சிரித்தார்கள். அடைக்கலமும் சிரித்தான். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

போகிக்கு எடுத்துக்கொண்டு போனாள். பூசம் கழித்துக் கொண்டுவந்தாள். காணும் பொங்கலுக்கு மறுநாள் இரண்டுக்கும் நடுவில். அன்றைக்குக் கோல் இங்கே இல்லை. அவன் கையில் இருந்தது கட்டை விளக்குமாறு, கூட்டம் போட்டுவிட்டுப் போன கரும்புச் சக்கையைக் கூட்டிக்கொண்டிருந்தான், அது இடுப்புக்கு மேலே எட்டாது. கோலைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றது புரட்டாசி ஞாபகம். அதை எடுத்துத் தை மாசத்துக்கு ஒட்டுப்போட்டது அவனேதான். அன்று மத்தியானம் குவாரியில் மூன்று நாள் லீவுக்கும் சேர்த்து வெடி வைத்தார்கள், பாறை அதிர்ந்து தண்ணீர்க் குடம் மூடி தாளம் போட்டது, அதற்குப் பிறகுதான் கோடு. அப்படியானால் கார்த்திகை? கரி துடைத்தது துணியால். துணி கண்ணாடியை உடைக்குமா? புரட்டாசியில் கைக்குத் தெரியவில்லை, ஏனென்றால் கை படவே இல்லை. தன் கைதான் உடைத்தது என்று நம்புவது எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கிறது. கை என்றால் மடக்கி வைத்துக்கொள்ளலாம். பாறையை என்ன செய்வது. அவன் இடப்பக்கத்தானைப் பார்த்தான். பதினோரு வருஷமாக வருகிறவர்களிடம், காசு தீர்ந்துபோய் நிறுத்திவிட்டார்கள், ராஜா செத்துப்போய் நிறுத்திவிட்டார்கள் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒருவேளை எவனோ ஒருத்தன் உளியை வைத்துத் தட்டியபோது சத்தம் மாறியிருக்கும். கல்லுக்குள் விரிசல் ஓட்டம் இருக்கிறது, போதும் என்று எழுந்து போயிருப்பான். அவனுக்கும் கூலி வேண்டும், அவனுக்கும் பெண்டாட்டி இருந்திருப்பாள், ஆனாலும் தட்டிய சத்தத்தை மாற்றி எழுதவில்லை. இது உண்மையா என்று அடைக்கலத்துக்குத் தெரியாது. ஆனால் அவமானம் உண்மையாக இருந்தது, காது வரை சுட்டது.

முதல் சங்கு ஊதியது. மேடம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மணியைப் பார்த்தார். “அடடா, ரோட்ட மறிச்சிருப்பாங்களே. சரி, வெடி முடிஞ்சே போறேன், இங்க ஜில்லுனுதான் இருக்கு” என்று வள்ளிக்கண்ணுக்குப் பக்கத்தில், வலப்பக்கத்தான் காலடியிலேயே உட்கார்ந்து, மடியில் பலகையை வைத்து எழுத ஆரம்பித்தார். குருக்கள் குனிந்து படிக்கப் பார்த்தார். “சிவராத்திரி அன்னிக்கு மண்டபத்துல ஆள்கள அனுமதிக்கலாம்னுதான் எழுதுறேன் சாமி, போதுமா?” என்றார் மேடம். குருக்கள் கும்பிட்டார். சொல்லாமல் இருந்துவிடலாம். புரட்டாசியிலிருந்து எத்தனை வெடி, ஒன்றும் விழவில்லையே, இன்றைக்கு மட்டும் விழுமா. விழாது. இன்று விழாது, சிவராத்திரிக்கும் விழாது, அவன் நிரந்தரமாகி ஓய்வும் பெற்ற பிறகு ஒரு நாள் விழும், அன்றைக்கு யார் உட்கார்ந்திருப்பார்களோ, அவனுக்கென்ன. அவன் அதை நினைத்து முடிப்பதற்குள் வள்ளிக்கண்ணு விளக்கின் தண்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, திருப்தியில்லாமல், பழையபடி அந்தக் கல் காலில் முதுகைத் தேய்த்துக்கொண்டு சாய்ந்தாள். முதுகில் அவளுக்கு எப்போதும் ஓர் அரிப்பு உண்டு. இரண்டாவது சங்கு ஊதியது. அடைக்கலம் இடப்பக்கத்தானுக்குப் பின்னால் போய்ப் பொந்தில் கைவிட்டான், மஞ்சள் துணி வந்தது. அதை மேடத்தின் பலகை மேல், எழுதிக்கொண்டிருந்த காகிதத்தின் மேலேயே வைத்து அவிழ்த்தான். ஆறு துண்டுகள், பிளாஸ்டர் கட்டிகளோடு.

மேடம் ஒரு கட்டியை எடுத்துத் திருப்பினார். 18.6. இரண்டு வட்டமும் திருத்தமாக இருந்தது. தன் எழுத்தை அடையாளம் கண்டுகொண்ட முகம் எப்படி இருக்கும் என்று அடைக்கலம் பார்த்தான், இன்னொரு முறை பார்க்க ஆசைப்பட மாட்டான். “மூணு தடவை ஒடஞ்சது மேடம். மூணு தடவையும் நாந்தான் மாத்துனேன். எங்கை பட்டுதான் ஒடஞ்சதுன்னு நெனச்சேன். கை படல. பொங்கலுக்கு ஒடஞ்சப்ப கோலே இங்க இல்ல” என்றான். “இத ஏன் இப்ப சொல்றீங்க?” என்று கேட்டார் மேடம், சத்தமே இல்லாமல். “வள்ளிக்கண்ணு அங்க உக்காந்திருக்கா மேடம்” என்றான். அதைவிட நல்ல பதில் ஏதாவது இருந்திருக்கலாம். அவனிடம் இருந்தது அதுதான். மேடம் எழுந்துவிட்டார். “எல்லாரும் வெளிய வாங்க. விளக்கு கெடக்கட்டும், வாங்க” என்றார். வள்ளிக்கண்ணு, “வெயில்லயா? இந்த ஒண்ண முடிச்சுட்டு வாரேனே” என்று தொடங்கினாள். அடைக்கலம் அவள் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான், இத்தனை பேர் முன்னால் அவளைத் தொட்டவனில்லை, அந்த ஆச்சரியத்திலேயே அவள் நடந்துவிட்டாள். குருக்கள் ஓடிப்போய்க் கர்ப்பகிரக விளக்கைத் தூண்டிவிட்டு வந்தார். வேப்ப மரத்தடியில் நின்றார்கள். மூன்றாவது சங்கு. அதற்குப் பிறகு வந்தது ஒரு நிமிஷமாகத்தான் இருக்கும், அடைக்கலத்துக்கு அது முடியவே இல்லை. உடையாமல் இருந்தால்? எல்லாவற்றையும் சொல்லித் தொலைத்துவிட்டு, வேலையும் போய், கண்ணாடி முழுசாக நின்றால்? உடையட்டும் என்று ஒரு கணம் வேண்டிக்கொண்டான், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

வெடித்தது. உள்ளங்காலில் ஏறி முழங்காலில் நின்றது. குருவிகள் கிளம்பின. அது அடங்கிய பிறகு, மண்டபத்துக்குள்ளிருந்து, வளையல் உடைகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். எல்லாரும் கேட்டார்கள். மேடம் வாசலில் நின்றபடியே டார்ச் அடித்தார். இரண்டாம் எண் கண்ணாடியில் கோடு இல்லை, பாதி கண்ணாடியே இல்லை. நேர் கீழே, வள்ளிக்கண்ணு தேய்த்துப் பாதியில் விட்டுவந்த குத்துவிளக்கின் மேல் கண்ணாடித் துண்டும், அதைச் சுற்றிலும் ஒரு பிடி கல்தூளும் கிடந்தன. வலப்பக்கத்தான் அதே சிரிப்போடு நின்றான். வள்ளிக்கண்ணு விளக்கைப் பார்த்தாள், மேலே பார்த்தாள், பிறகு அடைக்கலத்தைப் பார்த்தாள். வீட்டுக்குப் போய்க் கேட்பாள். குருக்கள் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிவ சிவா என்றார், பத்திரிகையைப் பற்றிப் பேசவில்லை. ஹசீனா மேடம் எழுதி வைத்திருந்த காகிதத்தை நான்காகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். நோட்டைப் பிரித்து, பேனாவை மூடி கழற்றி, அவனிடம் நீட்டினார். “நீங்களே எழுதுங்க. நாலு தடவை ஒடஞ்சதையும் எழுதுங்க, நடந்த தேதி போட்டு” என்றார். அண்ணே என்று சொல்லவில்லை. அடைக்கலம் வேப்ப மரத்தில் நோட்டை வைத்து, இரண்டாம் எண் என்று எழுதினான். மாற்றம் என்று எழுதினான். அடுத்த சொல்லின் முதல் எழுத்தைக் கை தானாகவே போட்டுவிட்டது. அவன் அதை அடித்துவிட்டு, பக்கத்தில் உண்டு என்று எழுதி, புரட்டாசித் தேதியில் ஆரம்பித்தான்.